பெட்டி 31, வெற்றுத் தாள்கள்

செப். 8, திங்கள்

காலை ஆறரைக்கே ஜன்னல் கண்ணாடி வியர்க்கும் புழுக்கம். ஆபீசுக்கு ஏற்றிப்போகும் கார் லிஃப்ட் வேன் இருபது நிமிடம் தாமதம். ஓட்டுநர் அல் நஹ்தாவில் ஒரு பெண்ணை ஏற்ற மறந்து, பாதி வழியில் திரும்பிப் போனார். எல்லாருக்கும் தூக்கம்.

பெட்டி 30 முடிந்தது. 31 தொடக்கம்.

இந்த வேலையைப் பற்றி ஒரு முறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். பசிபிக் தீவு ஒன்றில் கொப்பரை வாங்கிக் கப்பலில் ஏற்றி, அரிசியும் துணியும் மண்ணெண்ணெயும் விற்ற பழைய கம்பெனி. துபாய்க் குழுமம் ஒன்று அதை வாங்கிவிட்டது. தீவில் கிடங்கைக் காலி செய்தபோது கிடைத்த காகிதங்களெல்லாம் அறுபத்திரண்டு பெட்டிகளில் ஷார்ஜாவுக்கு, எங்கள் ஸ்கேனிங் ஆபீசுக்கு வந்திருக்கின்றன. வேலை முடிந்ததும் அசல்கள் தீவின் ஆவணக் காப்பகத்துக்குத் திரும்பிப் போகும். மெஷினில் படம் எடுப்பவர் செல்லத்துரை அண்ணன், அறந்தாங்கிப் பக்கம். பட்டியல் போடுவது நான்: தேதி, கப்பல், யார் யாருக்கு எழுதியது. அந்தக் காலத்து ஆங்கிலக் கையெழுத்தை இந்தத் தளத்தில் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

31-இல் கடித நகல் புத்தகங்கள். கடிதத்தை அனுப்புமுன் ஈரமான மெல்லிய தாளோடு சேர்த்து அழுத்துவார்களாம். மை ஒட்டிக்கொள்ளும், அதுதான் நகல். தாள் வெங்காயச் சருகு போல இருக்கிறது. மூச்சுவிட்டால் எழும்புகிறது.

மாலை நாலரைக்குச் செ. அண்ணன் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"மேடம், நடுவுல கொத்தா வருது, ஒண்ணுமே இல்லாத தாளு. மூலையில நம்பர் மட்டும் இருக்கு. இதையும் எடுக்கணுமா?"

ஒரு தாளைப் பார்த்தேன். வெறும் மஞ்சள்.

"வெத்துத் தாள்தாண்ணே. ஒட்டிக்கிட்டு மெஷினை வேற நிறுத்துது. கிழிச்சுப் பையில போட்டுடுங்க."

"அடுத்தவன் பொருளு. கிழிக்கலாமா?"

"நான் சொல்றேன்ல."

இன்று 412 பக்கம். இலக்கு 400.

வாங்க: பால், சோம்பு, நாப்கின், ஃபிளாட்டில் கூட இருக்கும் லாத்தாவுக்கு முட்டை.

செப். 10, புதன்

தூசிக்காற்று. கண் எரிச்சல்.

காகிதத்தைத் துண்டு துண்டாக்கும் வண்டி வந்து குப்பைப் பைகளை எடுத்துப் போனது. புதன்தோறும் வரும்.

ஒரு கப்பல் கேப்டனின் புகார்க் கடிதத்தைச் செ. அண்ணனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சமையல்காரன் மூன்று வாரமாகச் சோற்றை வேகவைக்காமலே போடுகிறான், மாலுமிகள் கப்பலை விட்டு இறங்கப் போவதாக மிரட்டுகிறார்கள்.

"அந்தாளு இறங்கி நேரா சஜாவுக்கு வந்துட்டாரு மேடம். எங்க கேம்ப் மெஸ்ஸுல இப்ப அவருதான் மாஸ்டரு."

நன்றாகச் சிரித்தேன். பதினோரு வருடமாக இந்த மனிதர் இங்கே. அதற்கு முன் ருவைஸ் ஆலையில் ஹெல்பர்.

நூலகப் புத்தகம் இரண்டு, தவணை தாண்டிவிட்டது.

செப். 11, வியாழன்

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலை எட்டுக்கு வீடியோ அழைப்பு. அங்கே அப்போது சாயங்காலம். தீவின் ஆவணக் காப்பகத்திலிருந்து சேலா என்ற அம்மாள். காதோரம் வெள்ளைப் பூ, மெதுவான பேச்சு. நாங்கள் அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். 31-ஆம் பெட்டியின் இரண்டாவது புத்தகத்தில் பக்க எண்கள் தாவுகின்றனவாம். முப்பத்தெட்டுத் தாள் இல்லை.

மானேஜர் கபூர் சார், "அவை வெற்றுத் தாள்களாக இருந்திருக்கும்" என்றார்.

சேலா விளக்கினார். நகல் தாளில் மை வெளிறிப் போகும், கண்ணுக்கு வெற்றுத் தாளாகத்தான் தெரியும், தனி விளக்கின் கீழ் வைத்தால் எழுத்து எழும்பி வரும். கப்பலிலும் தோட்டத்திலும் வேலைக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றி வீட்டார் கேட்டதற்குக் கம்பெனி எழுதிய பதில்கள் அந்தப் புத்தகத்தில்தான் இருந்தனவாம். முன்பக்க அட்டவணையில் யார் யாருக்கு எழுதியது என்பது மட்டும் மிச்சம். "இங்கே சில குடும்பங்கள் இந்தப் புத்தகத்துக்காகத்தான் காத்திருந்தன" என்றார். குரல் உயரவே இல்லை.

அழைப்பு முடிந்ததும் கபூர் சார் செ. அண்ணனைக் கூப்பிட்டார். இந்தியில் கேள்வி: யார் கிழிக்கச் சொன்னது? அண்ணன் தனக்குத் தெரிந்த இந்தியில், "மேடம் போலா, சாப்" என்றார், மேடம்தான் சொன்னார் என்று. குற்றம் சாட்டும் தொனியே இல்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி.

சார் என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னாயா?"

"அப்படிச் சொன்னதாக எனக்கு நினைவில்லை, சார்."

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். மறுபடி கேட்டபோது அவர் வாயே திறக்கவில்லை.

நினைவில்லையாம். மூன்று பக்கம் பின்னால் திருப்பினால் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

செப். 12, வெள்ளி

லாத்தா மதியம் நெய்ச்சோறு ஆக்கினாள். பர்வீன் லாத்தா, கீழக்கரை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள், ஃபிளாட்டில் எல்லாரும் அக்கா என்ற பொருளில் லாத்தா என்றே கூப்பிடுகிறோம். ரோலாவில் டைப்பிங் சென்டர் வேலை. விசா பாரம், விசாவை ரத்து செய்யும் கான்சல் பாரம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

யாரோ ஒருவருக்கு நடந்தது போலக் கேட்டேன். இந்த மாதிரி ஆளை என்ன செய்வார்கள்?

"என்ன செய்வான்? லெட்டர்ல கையெழுத்து வாங்குவான். கையெழுத்து விழுந்துட்டா கான்சல் அடிக்க எனக்குப் பத்து நிமிஷம். வயசு என்ன?"

"நாப்பத்தொம்பது."

"அப்ப ஊர்தான். இந்த வயசுல ஹெல்பர் விசா எவன் குடுப்பான்?" அப்பளத்தை உடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள். "ஏண்டி, சோத்தை அளைஞ்சிக்கிட்டே இருக்கே. உப்பு பத்தலையா?"

போதும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். வேலை போய்விடும் என்ற பயம் என்றால்கூட மன்னிக்கலாம். அந்தக் கணத்தில் அந்தப் பயம் வரவில்லை. நகல் தாளைப் பற்றித் தெரியாதவள் என்று அந்தப் பூ வைத்த அம்மாள் நினைத்துவிடுவாள் என்பதுதான் வந்தது. என்னைப் பார்த்தால் படித்தவள் என்று தெரிய வேண்டும். இத்தனை வருடம் வாசித்ததெல்லாம் இதற்குத்தானா?

செப். 15, திங்கள்

கபூர் சார் உள்ளே கூப்பிட்டார். செ. அண்ணன் நாற்காலி இருந்தும் நின்றுகொண்டிருந்தார். மேஜையில் ஆங்கிலத்தில் ஒரு பக்கம்.

"இவருக்கு ஆங்கிலம் வராது. அவர் மொழியில் சொல்லு. அப்புறம் புரியவில்லை என்று லேபர் ஆபீசுக்குப் போகக் கூடாது."

வாசித்தேன். தமிழில் சொன்னேன். வாடிக்கையாளரின் பொருளுக்குச் சேதம். வேலையிலிருந்து விலக்கம். கடைசி வரி வந்ததும் குரல் இறங்கியது.

"கடைசியில என்னா மேடம் போட்டிருக்கு?"

"யாரும் சொல்லாம, என் சொந்த முடிவுல தாள்களைக் கிழிச்சேன்னு."

"இன்னொருக்கா சொல்லுங்க."

இன்னொரு முறை சொன்னேன்.

"புரிந்ததா என்று கேள்" என்றார் சார்.

"புரிஞ்சுதாண்ணே?"

"நல்லாப் புரிஞ்சுது."

பேனா கேட்டார். என்னுடையதைக் கொடுத்தேன். தலைப்பெழுத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார். புள்ளி வைக்கும்போது மட்டும் கை நின்றது. வியாழனன்று கான்சல் தாக்கல். சனிக்கிழமை டிக்கெட், திருச்சிக்கு.

வெளியே வந்ததும், "அண்ணே" என்றேன். "மெஷின் சூடாயிருக்கு, அணைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் லிஃப்டில் இரண்டு பெண்கள் முடிகொட்டுவதற்கு எண்ணெய் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்கள். இறங்கும் வரை கேட்டேன்.

செப். 16, செவ்வாய்

புழுக்கம். ஏசி சத்தம்.

பெட்டி 33. தோட்ட வேலைக்கு ஆள் எடுத்த ஒப்பந்தங்கள். எல்லாம் ஒரே அச்சுப் படிவம். கீழே வேலையாள் போட்ட சிலுவைக் குறி. அதற்கும் கீழே ஒரு வரி: மேற்கண்டதை அவனது மொழியில் வாசித்து விளக்கினேன். அதன் கீழ் மொழிபெயர்ப்பாளன் கையெழுத்து. படிவத்துக்குப் படிவம் அதே ஆள், அதே வளைவு, அடியில் ஓர் அழகான சுழி.

போன வாரம் பார்த்திருந்தால் இந்த ஆளைப் பற்றி இங்கே ஒரு பக்கம் கோபமாக எழுதியிருப்பேன். நன்றாகவும் எழுதியிருப்பேன்.

இன்று 190 பக்கம்தான். யாரும் கேட்கவில்லை.

மெஷினில் ஒரு புதுப் பையன், பீகார். பக்கம் திருப்பத் தெரியவில்லை. செ. அண்ணன் பக்கத்தில் நின்று விரல் நுனியை எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "ஆஸ்தே, பாய், ஆஸ்தே," மெதுவாக என்று. தன் இடத்துக்கு வந்தவனுக்கு.

செப். 17, புதன்

காலை ஏழு பத்துக்கு, கார் லிஃப்டில் உட்கார்ந்தபடி, சேலாவுக்கு மெயில். கபூர் சாருக்கு நகல். ஆறு முறை எழுதி அழித்தேன். முதல் ஐந்திலும் நான் எப்படி ஏமாந்தேன் என்பதற்கு அழகான விளக்கம் இருந்தது. கடைசியில் நான்கு வரி. தாள்களைக் கிழிக்கச் சொன்னது நான். மெஷினில் இருந்தவர் கேட்டார், கிழிக்கலாமா என்று. நான்தான் சொன்னேன். பிறகு பொய் சொன்னேன். அனுப்பினேன்.

சாரிடம் முதலில் சொல்லியிருந்தால் அனுப்பவிடாமல் தடுத்திருப்பார். அவ்வளவுதான் என் தைரியம்.

கபூர் சார்: "முடிந்த விஷயத்தை ஏன் கிளறுகிறாய்? அவர் கையெழுத்துப் போட்டாச்சு. கலாஸ், முடிந்தது."

"நான் வாசித்துக் காட்டியதால் போட்டார், சார்."

"மெயில் அனுப்புமுன் என்னிடம் கேட்டாயா?"

"இல்லை."

கதவைச் சாத்திக்கொண்டு யாருடனோ அரை மணி நேரம் பேசினார்.

செப். 18, வியாழன்

சேலாவின் பதில். சொன்னதற்கு நன்றி. அட்டவணைப் பக்கத்தை மிக நுட்பமாக மறுபடி படம் எடுக்கவும். வெற்றுத் தாள் எதையும் இனி தொட வேண்டாம். பரவாயில்லை என்ற சொல் எங்கும் இல்லை. இரண்டு முறை தேடினேன்.

கான்சல் தாக்கல் நின்றது. செ. அண்ணன் கையெழுத்துப் போட்ட கடிதத்தைச் சார் அவர் முன்னாலேயே கிழித்தார். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். பெட்டிகள் இன்னும் இருபத்தொன்பது பாக்கி, அந்தக் கையெழுத்தை வாசிக்க வேறு ஆளில்லை, அதனால் நான் இருக்கலாமாம். அதே தப்பு. அவருக்குத் திருச்சி டிக்கெட், எனக்கு ஒரு தாள்.

லாத்தாவிடம் எல்லாம் சொன்னேன். "யாரோ ஒருத்தருன்னு சொன்னப்பவே தெரியும்டி" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

செப். 22, திங்கள்

முதல் முறையாகக் காலையில் கொஞ்சம் காற்று.

செ. அண்ணன் மறுபடி மெஷினில். பீகார்ப் பையன் வேறு பிரிவுக்கு. போய் நின்றேன்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

அவர் தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். திருப்பி முடித்தார்.

"திங்கக்கிழமை வீட்டுல போன்ல சொல்லிட்டேன், வர்றேன்னு. வியாழக்கிழமை, வரலைன்னு சொன்னேன். ரெண்டு தடவையும் அழுதுச்சு. ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?"

அடுத்த தாளைத் திருப்பினார்.

"ஒண்ணே ஒண்ணு மேடம். இனிமே எதைச் செய்யச் சொன்னாலும் வாயால சொல்லாதீங்க. எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க, நானே படிச்சுக்கிறேன்."

"சரிண்ணே."

"கீழ கையெழுத்துப் போடுங்க. தேதியும்."

இன்று ஒன்பது சீட்டு எழுதினேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்து, நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். ஐந்தாவதைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"தேதி விட்டுப்போச்சு, மேடம்."

போட்டுக் கொடுத்தேன்.