ஐஸ் கரைந்த அயிலை

2006 மார்ச் 15, புதன்.

எங்கள் ஆலை கேன்டீனுக்கு மங்களூரிலிருந்து அயிலை மீன் வந்தது. பெட்டிகளில் ஐஸ் கரைந்து வெதுவெதுப்பான தண்ணீராகக் கிடந்தது. சமையல்கார நஞ்சம்மா, "வேணாங்க சார், திருப்பி அனுப்பிச்சுருங்க" என்றார். சூப்பர்வைசர் நான். குளச்சலில் பிறந்தவனுக்கு மீன் தெரியாதா என்ற நினைப்பு. முகர்ந்து பார்த்தேன், நாற்றமே இல்லை. "நல்லாத்தான் இருக்கு, பொரிங்க" என்றேன்.

சாப்பிட்ட அரை மணி நேரத்தில் பதினோரு பேருக்கு முகம் சிவந்து தடித்தது. வெல்டர் செல்வராஜுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. மூச்சுவிட முடியாமல் விழுந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: "அயிலை சூட்டுல கெடந்தா, நாத்தம் வர்றதுக்கு முந்தியே விஷமாயிடும். எவ்வளவு பொரிச்சாலும் அது போகாது."

மாலையில் மேனேஜர், "இந்த மீனை எறக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. அவர் நஞ்சம்மாவைப் பார்த்து, "நாளையிலருந்து நீ வர வேண்டாம்" என்றார். நஞ்சம்மா என்னை ஒருமுறை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். தன் ஊரான உத்தனப்பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நான் பேசுவதற்குள் அவரே, "அந்தத் தம்பி பொழச்சுக்குவாருங்களா சார்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான், பேசுறான்" என்று சொல்லிவிட்டேன். பஸ் கிளம்பிவிட்டது.

செல்வராஜ் இன்னும் கண் திறக்கவில்லை.