நீ கண் திறந்த பலகை

இறக்காமத்துக்குப் போகும் பஸ்ஸில் இருக்கிறேன். மடியிலுள்ள கற்பூரப் பொட்டலத்தின் வாசம் பஸ் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்தில் இருந்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, இறந்தவரைக் கிடத்திய மையித்து வீட்டு வாசம் யாருக்குத்தான் பிடிக்கும்? எனக்கு உன் நினைவு வந்தது.

அங்குள்ள பெண்களும் மையித்துக் குளிப்பாட்ட ஒரு குழு தொடங்கப் போகிறார்களாம். பழக்கிவிட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவளாகப் பேசுவதா, உள்ளதைச் சொல்வதா என்று குழம்பிப்போய் இருக்கிறேன். நீ இருந்தால் சிரித்திருப்பாய்.

நம் தெருவில் குளிப்பாட்டத் தெரிந்த ஒரே பெண்மணி படுக்கையில் விழுந்த பிறகுதான், நாம் இருவரும் மற்றப் பெண்களை என் வீட்டு முன்னறைக்கு அழைத்தோம். எனக்குப் பாதிதான் தெரியும். ஆனாலும் கரைத்துக் குடித்தவள் போல நின்றேன். நடத்துகிறவளே தடுமாறினால் யார் சேருவார்கள் என்ற பயம். மையித்தாகப் படுத்துக் காட்ட எல்லோரும் பின்வாங்க, நீ போய்க் குளிப்பாட்டும் பலகையில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாய். நான் தண்ணீர் ஊற்றுவதாக வெறும் கோப்பையைத் தூக்கி, வலு மிடுக்காக இடப்பக்கத்தில் தொடங்கினேன்.

மையித்து கண்ணைத் திறந்தது.

"ராத்தா, வலப்பக்கத்தால தொடங்கணும்."

அறையே சிரித்தது. எனக்கு மானம் போனது. எல்லோரும் போனதும் உன்மேல் பாய்ந்தேன். "ஆக்களுக்கு முன்னால ஏன் புள்ள அப்பிடிச் சொன்ன?"

"உங்களுக்கும் பிழை வரும் எண்டு தெரிஞ்சாத்தான் அவங்களும் துணிஞ்சு கைவைப்பாங்க" என்றாய். அன்று பதினொரு பேர் சேர்ந்தார்கள். உன் வாயால் சேர்ந்தார்களா, என் மிடுக்கால் சேர்ந்தார்களா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போன நோன்புக்கு முன் நீ மெய்யாகவே அந்தப் பலகையில் கிடந்தாய். எத்தனையோ பேரைக் குளிப்பாட்டிப் பழகிய என் கை, நேரே உன் இடப்பக்கம் போனது. நீ கண் திறப்பாய் என்று காத்திருந்தேன். அல்லாஹ் மன்னிக்கட்டும், உண்மையாகவே காத்திருந்தேன். பிறகு, "எனக்கு ஒண்டும் விளங்குதில்ல புள்ளைகள், எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. நம் குழுவில் ஆக இளையவள் என் மணிக்கட்டைப் பிடித்து வலப்பக்கம் கொண்டுபோனாள். "இந்தப் பக்கம் ராத்தா. நாங்க இரிக்கம்."

அன்று நான் அவர்களை நடத்தினேனா, அவர்கள் என்னை நடத்தினார்களா? தெரியவில்லை. உன் குளிப்பில் ஒரு குறையும் வரவில்லை, அது மட்டும் தெரியும்.

குளக்கட்டு தெரிகிறது, இறங்கும் இடம் வந்துவிட்டது. என்ன பேசுவதென்று இன்னும் தெளிவில்லை. கோப்பையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பலகையில் நானே படுத்துக்கொள்ளப் போகிறேன். யாராவது இடப்பக்கத்தில் தொடங்கினால், கண்ணைத் திறப்பேன்.