புல் நிற்கட்டும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனைத்தான் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை வருத்தப்பட்டார். வயிற்றைக் காயப்போடாதே கண்ணு.

இங்கே உன் அப்பாவோடு மல்லுக்கட்டுவதே எனக்கு வேலை. மாட்டுக்குப் புல் அறுக்கும் பருவம் வந்தும் மனுஷன் அறுக்க விடவில்லை. வயலில் காடை அடைகாக்கிறதாம், குஞ்சு பொரித்துப் பறக்கட்டுமாம். முற்றின புல்லை மாடு தொடாது, உங்கள் காடையா வந்து பால் கறக்கும் என்று கேட்டேன். அவர்பாட்டுக்குத் தினமும் வரப்பில் நின்று பார்த்துவிட்டு வருவார்.

போன வாரம் அவர் சந்தைக்குப் போன நேரம், மழை வருகிறதே என்று புல் அறுக்கிற மெஷின்காரர் தானாகவே வந்து வயலில் இறங்கிவிட்டார். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார், பாவம். வழக்கம்போல ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் பொரித்த குஞ்சுகள், பறக்கத் தெரியாது. நிற்கிற புல்லுக்குள்ளேயே ஓடி நடுவில் ஒடுங்கியிருக்கின்றன. தொழுவத்திலிருந்து நான் ஓடிப்போய்க் கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தாய் மட்டும் எழும்பிப் பறந்தது.

அப்பா வந்து யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அறுத்த புல்லில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். மூச்சில்லாமல் பிறந்த உன் பிள்ளையை ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கல்நெஞ்சுக்காரர் என்றாயே. இந்த அழுகை எதற்கென்று எனக்கா தெரியாது?

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற நம் இன்னொரு வயல் இன்னும் அறுக்காமல்தான் கிடக்கிறது. மழையில் வீணாகும் என்று மெஷின்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "அது திரும்பி வந்தா ஒண்ட இடம் வேணாமா? புல்லு நிக்கட்டும்." நானும் மாட்டுக்குத் தவிடு வாங்கிப் போட்டுச் சமாளிக்கிறேன்.

நீ ஏன் வரத் தயங்குகிறாய் என்று தெரியும். குழந்தையைப் பற்றி யாரும் உன்னிடம் வாய் திறக்க மாட்டார்கள். வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டேன். நீ பேசவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். வந்து படுத்துத் தூங்கு, அது போதும். அவளைக் கூப்பிடு என்று அப்பா வாயால் சொல்ல மாட்டார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட, நான் எழுத உட்கார்ந்ததிலிருந்து சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

என் ஆயுசையும் சேர்த்து நீ வாழ வேண்டும்,
அம்மா