எழுத்துப் பலகையின் கடைசி வரி

ஜூன் 4

இன்று நான் சொல்லாதது: அந்தப் பிள்ளை என் அறைக்குள் வருமுன் கதவைத் தட்டுகிறாள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

சொன்னது: "நல்லாத்தான் இருக்கு."

கேட்டவர், தத்துக் கொடுக்கும் இல்லத்திலிருந்து மாதம் ஒருமுறை எங்களைப் பார்க்க வரும் பெண். கையில் எப்போதும் ஒரு நீலக் கோப்பு. அதனால் அப்பா அவருக்கு 'ஃபைல் மேடம்' என்று பெயர் வைத்துவிட்டார். அம்மாவையும் அப்பாவையும் கூடத்தில் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க வருவதுபோல் சமையலறைக்கு வந்தார்.

"இத்தனை வருஷமா நீங்க ஒரே பிள்ளை. இப்ப எட்டு வயசுல ஒரு தங்கச்சி. மறைக்காம சொல்லுங்க, எப்படியிருக்கு?"

நான் துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் நீதிமன்றத்தில் வீட்டிலுள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்பார்களாம். என்னிடமும். அம்மா ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறாள்: "உனக்கு மனசில்லன்னா இத்தோட நிறுத்திக்குவோம். உன்னை ஓரமா தள்ளிட்டு எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம்." ஆக, என் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லில் எல்லாம் நிற்கிறது.

தட்டிவிட்டு வருகிறவள் விருந்தாளி. விருந்தாளி என்றால் ஒருநாள் கிளம்புவாள். அதனால்தான் பிடித்திருக்கிறதா? எழுதும்போதே கை கூசுகிறது.

கிளம்பும்போது ஃபைல் மேடம் இன்னொன்றும் சொன்னார். பெற்றோருக்கு முன்பே தெரியும், எனக்கு இன்றுதான். இதற்கு முன் வேறொரு வீட்டில் சில மாதம் இருந்தாளாம். திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். ராத்திரியில் படுக்கை நனைகிறது என்று.

திருப்பிக் கொண்டுவந்து. அளவு சரியில்லாத சட்டையைக் கடையில் கொடுப்பதுபோல.

ஜூன் 5

தண்ணீர் கொடுத்தேன். "தேங்க்ஸ் அக்கா." குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுபடி ஒரு தேங்க்ஸ்.

ஜூன் 9, ஞாயிறு

ஆலய ஆராதனை முடிந்து அத்தை எங்களோடு வந்தாள். அப்பாவின் அக்கா. செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு ஒருத்தி நிக்கிறா. இவங்க தொட்டில் வாங்கக் கிளம்பிட்டாங்க."

"தொட்டில் எதுக்குக்கா? சைக்கிள்தான் வாங்கணும். அவளுக்குக் கால் எட்டுது" என்றார் அப்பா.

"சிரி, சிரி. நாளைக்கு சொத்துல பாதின்னு வந்து நிக்கும்போது தெரியும்."

"சொத்தா? இந்த வீடும் என் டூல்ஸ் பெட்டியும்தான். பெரியவளுக்கு ஸ்க்ரூடிரைவர், சின்னவளுக்கு ஸ்பானர். தீர்ந்துச்சு." அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தச் சண்டையையும் பாதி மாடியிலேயே நிறுத்திவிடுவார்.

'சின்னவள்' என்று அப்பா வந்த அன்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எனக்கு இன்னும் 'அந்தப் பிள்ளை'தான்.

பேச்சு நடக்கும்போதே அந்தப் பிள்ளை டீத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிந்தாமல் கொண்டுவந்து வைத்தாள். அத்தைகூட இளகிவிட்டாள். "அடக்கமான பிள்ளையா இருக்கே. உங்க வீட்டுப் பெரிசு இந்த வயசுல எப்படி ஆடுச்சுன்னு எனக்குத் தெரியும்." ஆலயத்திலும் எல்லோரும் இதையேதான் சொல்கிறார்கள். எவ்வளவு நல்ல பிள்ளை, எவ்வளவு நல்ல பிள்ளை.

அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கிறேன். பாராட்டைக் கேட்ட மகிழ்ச்சி அதில் இல்லை. இன்றைக்குத் தப்பித்தோம் என்கிற முகம்.

ஜூன் 16, ஞாயிறு

போதகர் இன்று புத்திர சுவிகாரத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். கடவுள் நம்மை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளவில்லை, பிள்ளைகளாகச் சேர்த்துக்கொண்டார், சுதந்தரத்தில், அதாவது தகப்பன் சொத்தில், பங்கும் கொடுத்தார் என்று. நல்ல பிரசங்கம். கடைசியில், "வேற எங்கேயும் தேட வேண்டாம், நம்ம நடுவுலயே ஒரு குடும்பம் இருக்கு" என்றார். எல்லாத் தலைகளும் எங்கள் வரிசைக்குத் திரும்பின. அந்தப் பிள்ளை முதுகை நேராக்கிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தில் எல்லோரும் இரண்டு பேரைத்தான் பார்க்கிறார்கள்: சேர்த்துக்கொள்கிற தகப்பன், சேர்க்கப்படுகிற பிள்ளை. ஏற்கெனவே அந்த வீட்டில் ஒரு மகன் இருந்தாரே? கடவுளுக்கு ஒரே பேறானவர். அவரிடம் சம்மதம் கேட்டார்களா? கேட்டபோது தட்டைத் துடைத்துக்கொண்டே 'நல்லாத்தான் இருக்கு' என்றா சொன்னார்?

சரி என்றதோடு அவர் நிற்கவில்லை. தேடிப்போய்க் கூட்டிவந்ததே அவர்தான். அதற்காக அவர் கொடுத்தது உயிர். நான் கொடுத்திருப்பது என் அலமாரியில் இரண்டு அடுக்கு. அதற்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இதை போதகரிடம் சொல்லலாம். சொன்னால் அடுத்த வாரம் நானும் உதாரணம் ஆகிவிடுவேன். வேண்டாம்.

ஜூன் 20

வியாழக்கிழமைகளில் அம்மா தன் பள்ளியில் மாலை வகுப்பு எடுப்பாள். அதனால் அந்தப் பிள்ளை நேராக என் கடைக்கு வந்துவிடுவாள். என் கடை என்றால், நான் கண் பரிசோதிக்கிற கண்ணாடிக் கடை. சோதனை அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. நடுவில் ஒட்டுப்பலகைத் தடுப்பு. அங்கே வீட்டுப்பாடம் எழுதியபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பாள்.

அவள் கரும்பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே எழுதுகிறாள் என்று வகுப்பாசிரியை சொன்னாராம். இன்று கடை மூடுவதற்கு முன் அவளை நாற்காலியில் ஏற்றி உட்காரவைத்தேன். எழுத்துப் பலகையை மேலிருந்து கீழே கடைசி வரி வரை மடமடவென்று வாசித்துவிட்டாள். பெரியவர்களே திணறும் வரி. முதலாளி எட்டிப் பார்த்து, "கழுகுக் கண்ணும்மா. இந்த மாதிரி நாலு பேர் வந்தா நான் கடையை மூட வேண்டியதுதான்" என்றார்.

அவள் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள். அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன்.

ஜூன் 27

மழை. கடையிலிருந்து நானும் அவளும் ஒரே குடையில் வந்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் பேருந்து நிறுத்தத்தில் அம்மா பச்சைக் குடையோடு நின்றிருந்தாள். அந்தப் பிள்ளை கையை உயர்த்தி ஆட்டினாள், அம்மாவுக்கு இல்லை. நாலடி தள்ளி இன்னொரு பச்சைக் குடை. அதன் கீழே அம்மாவைவிட ஒரு தலை உயரமான யாரோ ஒரு பெண். அம்மா குரல் கொடுத்த பிறகுதான் கை தாழ்ந்தது.

சாலையைக் கடந்ததும் அம்மா விளையாட்டாகத்தான் கேட்டாள்: "என்னடி, அதுக்குள்ள ஆளை மாத்திட்டியா?"

"ஸாரி. ஸாரிம்மா. ஸாரி." உதடு வெளுத்துவிட்டது. அம்மா திகைத்துப்போய் அவளை அணைத்துக்கொண்டாள். மூவரும் நனைந்தோம்.

கழுகுக் கண். சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற அம்மாவைத் தெரியாத கழுகு.

சிறுபிள்ளைகளுக்கு முதலில் கைவிளக்கால் பார்க்க வேண்டும் என்பது படித்த பாடம். அன்று விளையாட்டுப்போலச் செய்துவிட்டேன்.

ஜூன் 28

எழுத்துப் பலகை இரண்டு உண்டு. விசையைத் தட்டினால் மற்றது வந்துவிடும். இன்று அதை மாற்றி வைத்துவிட்டு அவளை உட்காரவைத்தேன்.

வாசித்தாள். பழைய பலகையை. எதிரே இல்லாத எழுத்துகளை, ஒன்றுகூடத் தடுமாறாமல், கடைசி வரி வரை. பெஞ்சில் உட்கார்ந்து, தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒவ்வொருவரும் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள்.

நான் நிறுத்தச் சொல்லவில்லை. முடிக்கட்டும் என்று நின்றேன்.

பிறகு கைவிளக்கை எடுத்தேன். அதற்குப் பதில் எதுவும் தேவையில்லை. வாய் என்ன சொன்னாலும், கண்ணுக்குள் போன வெளிச்சம் திரும்பி வரும்போது உள்ளதைச் சொல்லிவிடும். இரண்டு கண்ணிலும் மைனஸ் மூன்று. அவளுக்கு அந்தப் பலகையில் முதல் எழுத்துகூட மங்கலாகத்தான் தெரிந்திருக்கும்.

நான் வில்லைகளை மாற்றி மாற்றிப் பிடிப்பதை வைத்தே கண்டுகொண்டாள்.

"தப்பா சொல்லிட்டேனா அக்கா?"

"தப்பு இல்ல. நல்ல ஞாபக சக்தி உனக்கு."

"ஃபைல் ஆன்ட்டிகிட்ட சொல்லுவீங்களா?"

"எதை?"

"கண்ணு சரியில்லன்னு."

அப்போதுதான் புரிந்தது. போன வீட்டில் படுக்கை. இந்த வீட்டில் கண். நான் என் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். "இங்க பாரு, எனக்கு உன்னைவிட அதிகம். ஆறு வயசுலேருந்து போடுறேன். என்னை யாராவது திருப்பி அனுப்பினாங்களா?"

அவள் யோசித்தாள். கோபமே இல்லாமல், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிக் கொடுப்பதுபோலச் சொன்னாள்:

"நீங்க இங்கயே பிறந்தவங்க அக்கா."

என் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு விளக்கை அணைத்தேன்.

ஜூன் 29

அம்மாவிடமும் அப்பாவிடமும் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றாள். "நாம எல்லாரும் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளைன்னு சொல்லிச் சொல்லியே பயமுறுத்தியிருக்கோம்."

அப்பா நேராக அவளிடம் போனார். "மைனஸ் மூணாமே? நல்லவேளை. இந்த வீட்ல எல்லாரும் கண்ணாடி, உனக்கு மட்டும் இல்லையேன்னு எனக்கு ஒரே குறையா இருந்துச்சு." அவள் சிரித்தாள். மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு.

ஜூன் 30, ஞாயிறு

இன்றைய பிரசங்கம் வேறு எதையோ பற்றி. நான் அவள் சொன்னதிலேயே இருந்தேன்.

இங்கேயே பிறந்தவள். அதனால் நான் ஒருநாளும் நல்ல பிள்ளையாக இருக்க வேண்டிய கட்டாயம் வந்ததில்லை. கதவை அறைந்து சாத்தியிருக்கிறேன். பேசாமல் இருந்திருக்கிறேன். யாரும் என்னை எங்கேயும் கொண்டுபோய் விடவில்லை.

ஆனால் ஜெபிக்கும்போது? முதலில் நன்றிகளை அடுக்குகிறேன், பிறகு செய்த நல்லதுகளை லேசாக நினைவூட்டுகிறேன், அதன் பிறகுதான் கேட்கிறேன். அங்கே நான் கதவைத் தட்டிவிட்டு வருகிறவள். கடைசி வரி வரை மனப்பாடமாக ஒப்பிக்கிறவள். எதிரே இருப்பவர் விளக்கோடு நிற்கிறார், எல்லாம் தெரிந்தும் முடிக்கட்டும் என்று நிற்கிறார். சேர்த்துக்கொண்ட பிறகு குறையைக் கண்டு ஏமாந்தவர் அல்ல. கண்ட பிறகுதான் சேர்த்துக்கொண்டார்.

ஐயோ, இதை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு சிறுமியின் கண்ணுக்குள் பார்த்த பிறகுதான் உள்ளே இறங்குகிறது.

ஜூலை 4

சின்னவளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. கரும்பச்சைச் சட்டகம், அவளே தேர்ந்தெடுத்தது. கேட்டபோது மலிவானதைத்தான் முதலில் காட்டினாள். முதலாளி அதைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டு, "அது தாத்தாங்களுக்கு" என்றார்.

வாசலில் நின்று எதிர்வீட்டு மரத்தை வெகுநேரம் பார்த்தாள். "இலை தனித்தனியா இருக்கு" என்றாள்.

பள்ளியில் மட்டும் போடுகிறாள். வீட்டுக்கு வந்ததும் துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். உடைந்துவிடுமாம். எனக்கு ஏழு தேங்க்ஸ், அப்பாவின் கணக்குப்படி.

ஜூலை 11

நீதிமன்றம். பெரிய கூடம் இல்லை, மின்விசிறி கடகடக்கும் சின்ன அறை. நீதிபதி, பள்ளித் தலைமையாசிரியை போன்ற ஓர் அம்மாள். அம்மாவிடம் கேட்டார், அப்பாவிடம் கேட்டார். பிறகு என்னிடம்.

"உங்களுக்கு ஆட்சேபணை ஏதாவது?"

'இல்லை' என்று மட்டும் சொல்லத்தான் போயிருந்தேன். பக்கத்தில் அவள் முதுகை நேராக்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கண்ணாடி பெட்டியில். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைங்க. அவளைப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சதும் சரி, இனிமே தெரியப்போறதும் சரி, எதுக்காகவும் திருப்பி அனுப்ப மாட்டோம். அதையும் எழுதிக்கணும். நான் அவளுக்கு அக்கா."

எழுதிக்கொண்டிருந்த குமாஸ்தா தலையைத் தூக்கினார். "அதெல்லாம் எழுத இடமில்லம்மா. சம்மதம்னு சொன்னா போதும்."

"சம்மதம்."

வெளியே வந்ததும் அப்பா மூக்கைச் சிந்தினார். "தூசி. இந்தக் கட்டடத்துல லிஃப்டும் சரியில்ல."

ஜூலை 12

சட்டப்படி தங்கை. இன்று காலையும் கதவைத் தட்டிவிட்டுத்தான் வந்தாள். கையெழுத்து ஆனதை அவள் உள்ளம் நம்புவதற்கு நாளாகும்போல. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது, ஜெபத்தில் நானும் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆகஸ்ட் 3

சின்னவளின் படுக்கை நனைந்திருந்தது. தானே துவைத்துக்கொண்டிருந்தாள். நான் விரிப்பின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தேன்.

ஆகஸ்ட் 19

வாசித்துக்கொண்டிருந்தேன். கதவு படாரென்று திறந்து சுவரில் மோதியது.

"அக்கா, கண்ணாடி போச்சு."

ஒரு வில்லை விரிசல் விட்டிருந்தது. சட்டகத்தின் ஒரு கால் தொங்கியது. முழங்காலெல்லாம் மண்.

"எப்படி?"

"பந்து. நான்தான் கோல்கீப்பர்."

"கழட்டி வச்சுட்டு விளையாட வேண்டியதுதானே?"

"கழட்டினா பந்து எப்படித் தெரியும்? கண்ணு டெஸ்ட் பண்றவங்களுக்கு இதுகூடத் தெரியாதா?" நான் வாசித்துக்கொண்டிருந்த பக்கத்தின் மேலேயே கண்ணாடியை வைத்தாள். "சீக்கிரம் வேற போடு. நாளைக்கு மேட்ச் இருக்கு."

ஓடிவிட்டாள். கதவைச் சாத்தவில்லை. கீழே அம்மா கத்துவது கேட்டது: "பாரு, உங்க அக்கா மாதிரியே ஆடுற."

ஆகஸ்ட் 20

புதிய கண்ணாடி போட்டுக் கொடுத்தேன். தேங்க்ஸ் சொல்லவில்லை.