திருகுற மாதிரி ஒரு குழாய்

சகலை,

இன்று காலை குரோம்பேட்டையில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். மாட்டுத் தொட்டிக் குழாய் மறுபடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. கடைக்காரன் நீளக் கைப்பிடி வைத்த ஒன்றை எடுத்து வைத்து, "இத எட்த்துக்கினு போ சார், ஒரு விரலால தட்டினா தொறந்துக்கும்" என்றான். அந்தக் கைப்பிடியைப் பார்த்ததும் எனக்கு முகம் சுட்டது. "வேணாம்பா, திருகுற மாதிரி பழைய டைப் குடு" என்றேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே பரணில் ஏறித் தேடினான். தூசியோடு ஒரு பித்தளைக் குழாய் கிடைத்தது. அதைப் பையில் போட்டுக்கொண்டு பண்ணைக்கு வரும் வழியெல்லாம் உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். வண்டலூர் சிக்னலில் பக்கத்து வண்டிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மீதியை எழுதிவிடலாம் என்று கொட்டகை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவை நீ கட்டினாய், தங்கையை நான் கட்டினேன். இருவருக்கும் ஒரே வயது என்பதால் வாங்க போங்க எல்லாம் முதல் தீபாவளியோடு போய்விட்டது. மாமனார் பன்னிரண்டு மாடுகளை நம் இருவர் தலையில் கட்டிவிட்டுக் கண்ணை மூடியபோது, நீ கொட்டகையை ஒட்டிய வீட்டுக்கே குடிவந்துவிட்டாய். நான் பாங்கு வேலையில் இருந்து ஓய்வு பெற்றிருந்தேன். அஸ்தினாபுரத்திலிருந்து தினமும் இரண்டு வேளை ஸ்கூட்டரில் வந்து, அது ஏன் இங்கே கிடக்கிறது, இது ஏன் அங்கே கிடக்கிறது என்று கேட்பதுதான் என் பங்கு வேலை. என் வண்டிச் சத்தம் கேட்டதும் மாடுகளிடம், "எழுந்து நில்லுங்கடி, இன்ஸ்பெக்சன் வந்துட்டாரு" என்பாய்.

அந்தப் பண்ணையில் ஒரு நாளும் நினைத்தபடி விடிந்ததில்லை. மோட்டார் சுவிட்சுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே சாரைப்பாம்பு. விடியற்காலையில் பக்கத்து வண்டலூர் மிருகக்காட்சிசாலைச் சிங்கம் உறுமினால் புதிதாக வாங்கிய மாடு பாலை அடக்கிக்கொள்ளும், பழைய மாடுகள் காதைக்கூட ஆட்டாது. நீ எதற்கும் அசரமாட்டாய். தண்ணீர் விஷயத்தில் மட்டும் உனக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. கோடையில் போர் கிணறு வற்றி இரும ஆரம்பித்ததும் லாரித் தண்ணீர் வாங்குவோம். தொட்டிக்குள் குழாயைப் போடவிடாமல் முதலில் ஒரு கை அள்ளிக் குடிப்பாய். ஒருமுறை உப்புக் கரித்தது என்று லாரியைத் திருப்பியே அனுப்பிவிட்டாய். "மாடு வாயத் தொறந்து சொல்லாது சகலை, நாம குடிச்சுதான் பாக்கணும்" என்றாய். அன்று சாயங்காலம் வரை மாடுகள் கத்தின. உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

உன்னிடம் பொய் மட்டும் சுத்தமாகச் செல்லாது. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு லட்டு சாப்பிட்டுவிட்டு, அண்ணியிடம் "தொடவே இல்ல" என்று சொல்லும்போதே உன் கை இடது காதைச் சொறிய ஆரம்பித்துவிடும். ஊருக்கே தெரிந்த விஷயம் அது, உன்னைத் தவிர.

ஐந்து வருஷத்துக்கு முன்பு மார்ச்சில் தொட்டிக்கு நான்தான் கைப்பிடிக் குழாய் மாட்டினேன். திருகித் திருகி மணிக்கட்டு வலிக்கிறது என்று காரணம் சொன்னேன். உண்மையில் புதுசாக ஏதாவது செய்து உன்னிடம் பேர் வாங்க ஆசை. ஏப்ரல் கடைசியில் மேல் டேங்க்கில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. காலையில் நிரப்பினால் சாயங்காலம் பாதிகூட இல்லை. குழாயைப் பார்த்தால் மூடித்தான் இருக்கிறது. எங்கும் கசிவு இல்லை. எதிரே வரிசையாக ஒட்டியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் பக்கத்துச் சின்ன கேட் வழியாக வந்து வீட்டுக்கு இரண்டு குடம் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர்கள் வீட்டு போர் வற்றிப் போயிருந்தது, நீதான் பிடிக்கச் சொல்லியிருந்தாய். என் சந்தேகம் நேராக அங்கே போனது.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தானம் பண்றதுக்கு இது இன்னா உங்கப்பன் வூட்டுக் கெணறா?" என்றேன். கையில் தீவனக் கூடையோடு நின்றிருந்தாய். நான் கடைக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து, லைன் வீட்டார் எல்லாரும் வேலைக்குப் போயிருந்த மதிய நேரத்தில் அந்தச் சின்ன கேட்டைப் பூட்டினேன். சாவியை என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவில்லை. இன்ஸ்பெக்சன் வந்தபோது மாடுகளிடமும் எதுவும் சொல்லவில்லை.

பத்து நாள் அப்படிப் போனது. லைன் வீட்டு ஸ்டெல்லா அக்கா காலையில் மெயின் ரோடு வரை நடந்து போய்த் தண்ணீர் சுமந்து வந்ததை நானே பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்கூட்டரை நிறுத்தாமல் வந்துவிட்டேன். டேங்க் மட்டும் முன்போலவே காலியாகிக்கொண்டிருந்தது. எனக்கு உறைக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால் தீவனப் புல் அந்த வெயிலிலும் இடுப்பு உயரம் பச்சைப்பசேலென்று நின்றதைப் பார்த்து, எல்லாம் நான் போடச் சொன்ன எருவின் மகிமை என்று வீட்டில் பெருமை வேறு அடித்தேன்.

ஒரு மதியம் நீ போன் செய்தாய். "சகலை, ஒடனே வா. வந்து வாயத் தொறக்காத." வைக்கோல் போருக்குப் பின்னால் நாம் இருவரும் குந்தியிருந்தோம். எல்லாரையும் முறைத்துப் பார்ப்பதால் நாம் டீச்சரம்மா என்று பேர் வைத்த மாடு, அசைபோட்டபடி தொட்டிக்கு வந்தாள். நாக்கை நீட்டிக் குழாயின் கைப்பிடியை மேலே தள்ளினாள். தண்ணீரைக் கொட்டக் கொட்டக் குடித்தாள். அரைமணி நேரம் அங்கேயே நின்றாள். தொட்டி வழிந்து, வாய்க்காலில் இறங்கி, புல்லுக்குப் போனது. பிறகு கழுத்தைக் குழாயில் நன்றாகத் தேய்த்துக்கொண்டாள். கைப்பிடி தானாகக் கீழே இறங்கி மூடிக்கொண்டது. ஒன்றும் தெரியாதவள் போல நிழலுக்குப் போய்விட்டாள்.

பத்து நாளுக்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு இதுதான்: "தொறக்கவும் தெரியுது, மூடவும் தெரியுது. பழிய அடுத்தவன் மேல போடத்தான் தெரியல. நீ அவளுக்கு ட்யூஷன் எடு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டினாய். சாவியைக் கொடுத்தேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. மறுநாள் பழைய திருகுக் குழாயையே மாட்டிவிட்டு, அந்தப் பூட்டை என் ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வைத்திருந்தாய். அதன்பின் நாலு வருஷம் அந்தப் பேச்சை நீ எடுக்கவில்லை. நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று நானும் இருந்துவிட்டேன். போன மழைக்காலத்தில் பால் கறந்துகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய். என் நாளை அதோடு முடிந்தது.

உன் பதினாறாம் நாளன்று ஸ்டெல்லா அக்கா எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஒரே ஒரு தபா அண்ணன் கேட்டப் பூட்டுனாரு. அதுக்கும் வூடு வூடா வந்து, என் தப்பு, மன்ச்சிக்கோங்கன்னாரு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்து இலையைப் பார்த்தேன். நீ இறந்த வீட்டில் உட்கார்ந்து என் தப்பை உன் தலையிலேயே விட்டுவிட்டு வந்தேன், சகலை. அந்தச் சாப்பாடு இன்னும் செரிக்கவில்லை.

இன்று குழாயை மாட்டிவிட்டுக் கை கழுவும்போது ஸ்டெல்லா அக்கா குடத்தோடு வந்தார். திருகிப் பார்த்துவிட்டு, "நல்லா கீது சார்" என்றார். சட்டென்று சொல்லிவிட்டேன். "அக்கா, அன்னிக்கு கேட்டப் பூட்டுனது நான்தான். அவர் இல்ல."

அவர் குடம் நிரம்பும் வரை பிடித்தார். பிறகு குழாயை மூடிவிட்டுச் சொன்னார்: "தெரியும் சார். அண்ணன் என் தப்புன்னு சொல்லச்சொல்ல காதச் சொறிஞ்சிகினே இருந்தாரு. பதினாறாம் நாளு ஒங்க காதுல வுழணும்னுதான் அத்தச் சொன்னேன்."

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. டீச்சரம்மா முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூட்டு இன்னும் ஸ்கூட்டர் பெட்டியில்தான் கிடக்கிறது. மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் போடும். எடுத்துப் போடச் சொல்லி வீட்டில் சொல்கிறார்கள். கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.