அடித்துவிடச் சொன்ன எண்

அன்புள்ள மறுபடிக்கு,

நீ வேலையை விட்டு ஊர் மாறிப் போய் எட்டு மாதமாகிறது. கடிதத்தைப் படிக்காமலே கிழித்துப் போட்டுவிடாதே. எதற்கெடுத்தாலும் "மறுபடி ஒரு தடவை பாத்துடலாமே" என்பாய் என்று நான் வைத்த கேலிப் பெயர்தான் இது. இப்போது பாசத்தோடு எழுதுகிறேன்.

நம் நொதித் தொட்டி நன்றாக ஓடுகிறது. கொலஸ்ட்ராலை இறக்குமென்று செடியிலிருந்தும் காளானிலிருந்தும் எடுத்த ஸ்டெரால் தூள் எண்ணெயில் கரையாமல் நாக்கில் மணலாக நெருடியதே, நினைவிருக்கிறதா? நொதி அதைச் சூரியகாந்தி எண்ணெயின் கொழுப்போடு கோர்த்துவிட்டதில், இப்போது ரொட்டியில் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. கொலஸ்ட்ரால் கூடியவர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். மேலாளருக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் நான் எழுத வந்தது அந்தப் பதினேழைப் பற்றி. சோதனைக்காக ஆறு வாரம் சாப்பிட்ட முப்பது பேரையும் நமக்கு எண்ணாகத்தான் தெரியும். எல்லோருக்கும் கொலஸ்ட்ரால் இறங்க, பதினேழுக்கு மட்டும் ரத்தத்தில் செடி ஸ்டெரால் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கருவியின் கோளாறு, அடித்துவிடு என்றார் மேலாளர். நானும் அவரோடு சேர்ந்துகொண்டு உன்னைத் திட்டினேன். நீ அடிக்காமல், அதே ரத்தத்தை மூன்று முறை பார்த்தாய். டப்பா கடைக்குப் போவது இரண்டு மாதம் தள்ளிப்போனது. உன்னோடு பேசுவதையே நிறுத்தினேன்.

நீ போன மறுவாரம் சோதனையை நடத்திய டாக்டர் பெயர்ப் பட்டியலைப் பிரித்தார். பதினேழு என் வீட்டுக்காரர். முப்பதில் அவரும் ஒருவர் என்று தெரியும், எந்த எண் என்றுதான் தெரியாது.

உடம்பு செடி ஸ்டெராலை வெளியே தள்ளாமல் சேர்த்து வைத்துக்கொள்ளும் பிறவிக் கோளாறாம். அவர் குதிகாலுக்கு மேலே இருந்த கட்டியைச் செருப்பு கடித்தது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தோம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் இதயக் குழாய் அடைத்திருக்கும் என்றார் டாக்டர். இப்போது மாத்திரையும் பத்தியமும். கட்டி பாதியாகிவிட்டது. "உன் சமையலில் தப்பித்தவன் உன் ஆபீஸில் மாட்டிக்கொண்டேன்" என்று என்னைக் கிண்டல் செய்கிறார். அந்தச் சிரிப்பு நீ கொடுத்தது. முன்பே எழுதியிருக்க வேண்டும், வெட்கம் விடவில்லை. இந்தக் கோளாறு உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது என்று டப்பாவில் இருக்கும் வரி மட்டும் நான் எழுதியது.

போன வாரம் மகளுக்குச் செருப்பு மாட்டிவிடும்போது அதே இடத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. ரத்தம் எடுத்து, நீ இப்போது வேலை பார்க்கும் ஆய்வகத்துக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஏழு வயது. ஊசிக்கு அழவில்லை.

எண் எதுவானாலும் மறைக்காமல் எழுது. எழுதுவதற்கு முன், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், மறுபடி ஒரு தடவை பார்த்துவிடு.

என்றும் நன்றி மறவாத,
உன் தொட்டிக்காரி