இரு கை கேட்கும் கத்தி

செவ்வலை நாட்டின் மூன்று காயல்களையும் ஒரு குடைக்கீழ்க் காக்கும் பெருமாட்டியின் ஆட்சி நீடுக. அவர் ஆணையின்கீழ்ப் படைக்கலச் சாலைக்குக் கண்காணியாக இருக்கும் நிறைமதி நங்கை, ஓங்கரைத் துறையின் காவல் தலைவரும் அத்துறை மன்றத்தின் முதல்வருமான கடம்பனாருக்கு எழுதும் ஓலை. தங்கள் துறைக்கு ஓடங்கள் குறைவின்றி வந்து சேர்க. தங்கள் இல்லத்தில் நோயும் பகையும் நுழையாதிருக்க. வெள்ளம் வடிந்து கரை தெரிகிறது என்று கேட்டு மகிழ்ந்தேன்.

தாங்கள் அனுப்பிய ஓலையும், துணியில் சுற்றிய மடக்குக் கத்தியும் இன்று காலை வந்து சேர்ந்தன. காவலன் வேட்டன் பணியில் இருக்கையில் காவற்கோலைக் கைவிட்டான் என்றும், அக்குற்றத்துக்கு விதித்தபடி அவனுடைய வலக்கட்டைவிரல் நாளை மறுநாள் உச்சிப்பொழுதில் நீக்கப்படும் என்றும், அதற்கு முன் அவனுக்கு வழங்கிய கத்தி பழுதற்றது என நான் ஒரு வரி எழுதி முத்திரையிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வழக்கமான வரிதான். என் பதவிக் காலத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். எழுதி முடித்துவிட்டு உணவுக்கு எழுந்து போயிருக்கிறேன்.

கத்தியைப் பார்த்தேன். அலகு மழுங்கவில்லை. கீலின் ஆணி தளரவில்லை. கொம்புப் பிடியில் கீறலும் இல்லை. ஈரக் கயிற்றின் நார் ஒன்று மட்டும் அலகுக்கும் பிடிக்கும் நடுவே சிக்கியிருந்தது. கத்தி பழுதற்றது என்று எழுதினால் அது பொய்யாகாது. அதனால்தான் எழுத்தாணியை எடுக்க அஞ்சினேன். மெய்யான ஒரு வரியால் ஒருவன் விரலை வெட்ட முடியும் என்பதை இன்றுதான் உணர்ந்தேன்.

தங்கள் எழுத்தர் சாட்சிகளின் சொல்லை மாற்றாமல் எழுதி அனுப்பியதற்கு நன்றி. இவ்வோலை மன்றத்தில் படிக்கப்பட வேண்டியது. ஆகவே எல்லாரும் அறிந்ததையும் எழுதுகிறேன். காவற்கோல் நிற்குமிடத்தில் பெருமாட்டி நிற்கிறார் என்பது நம் வழக்கு. பணியில் உள்ள காவலனின் இடக்கை அதைவிட்டு அகலக் கூடாது. அதைப் பிறரிடம் கொடுக்கலாகாது, சுவரில் சாய்க்கலாகாது, அக்குளில் இடுக்கினால் அரசியை விறகாக்கிய குற்றம். இவ்வழக்கை நான் குறை சொல்லவில்லை. ஆயிரம் பேர் கூடும் துறையில் ஒற்றைக் காவலனுக்கு அஞ்சி வழிவிடுகிறார்களே, அது அவனுக்காக அல்ல, அந்தக் கோலுக்காக.

அன்று துறையில் நடந்தது இது. உப்பு விற்கும் கொன்றை என்பவள் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தபோது, படகை இழுக்கும் கயிறு அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. வெள்ளம் படகைப் பறித்தது. படகு அவளைப் பறித்தது. கரைக்கல்லை இரு கைகளாலும் பற்றியபடி அவள் இடுப்பளவு நீரில் கிடந்தாள். அருகில் கத்தியுடன் இருந்தவன் வேட்டன் ஒருவனே. அவன் வலக்கையால் கத்தியை எடுத்தான். திறக்க முயன்றான். தொடையில் அழுத்திப் பார்த்தான். பிறகு கோலை விட்டான். அது சேற்றில் விழுந்தது. இரு கைகளாலும் கத்தியைத் திறந்து கயிற்றை அறுத்தான்.

கோல் விழுந்ததும் துறை முழுவதும் அலறியதாகச் சாட்சிகள் அனைவரும் சொல்கிறார்கள். கொன்றையின் சொல் ஏட்டில் இப்படி இருக்கிறது: “கம்பு விழுந்ததுக்கு ஊரே கத்துச்சு சாமி. அதுக்கு முன்னாடி நான் விழுந்து கெடந்தேன், ஒரு வாயும் தொறக்கல.” கத்தியைப் பல்லால் திறந்திருக்கலாமே என்று மன்றத்தில் ஒருவர் கேட்டதற்கு வேட்டன் சொன்னதையும் படித்தேன். “முன்பல்லு ரெண்டும் போன தேரோட்டத்துல கூட்டத்தத் தடுக்கப் போயித்தான் விழுந்துச்சு ஐயா. மிச்சம் இருக்கறதுல சோறே ஒழுங்கா மெல்ல முடியல, இதுல இரும்ப எங்க கடிக்க?” மன்றத்தில் சிரிப்பு எழுந்தது என்று எழுத்தர் குறித்திருக்கிறார். சிரித்தவர்களைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. அதன் காரணத்தை இனிச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு முந்நூறு காவலருக்கும் இடுப்பில் செருகக் கூடிய மடக்குக் கத்தி வாங்கித் தருமாறு பெருமாட்டி பணித்தார். கத்தி ஒன்றுக்கு மூன்று பணம் வரை கருவூலம் அனுமதித்தது. மூன்று வகைக் கத்திகள் என் மேசைக்கு வந்தன. கடல்கடந்து வந்தது ஒன்று, தானே விரியச் சுருள்வில் வைத்தது, அதன் விலை நமக்கு எட்டாது. மற்ற இரண்டும் நம் கொல்லர் மூவனார் செய்தவை. ஒன்றில் அலகின் முதுகருகே சிறு குமிழ் இருந்தது. கட்டைவிரலால் தள்ளினால் ஒரு கையிலேயே திறக்கும். விலை இரண்டரைப் பணம். மற்றதில் குமிழ் இல்லை, நகம் பதிக்க ஒரு பள்ளம் மட்டும், கீல் இறுக்கம், விலை இரண்டு பணம்.

நான் கவனக்குறைவாகத் தேர்ந்தெடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஈரக் கயிறு, காய்ந்த தோல், மூங்கில் பட்டை அனைத்தையும் அறுத்துப் பார்த்தேன். கையில் மீனெண்ணெய் தடவிக்கொண்டு பிடி வழுக்குகிறதா என்று பார்த்தேன். தானாகத் திறந்து இடுப்பைக் கிழிக்குமோ என்று இருபது நாள் என் சேலை மடிப்பிலேயே செருகி நடந்தேன். இத்தனையும் செய்த நான், ஒரு முறையேனும் இடக்கையில் கோலைப் பிடித்துக்கொண்டு அதைத் திறந்து பார்க்கவில்லை. நான் கோல் பிடிப்பவள் அல்ல. என் இரு கைகளும் எப்போதும் வெறுமையாகவே இருந்தன.

மூவனார் அப்போதே சொன்னார்: “அம்மா, குமிழ் வெச்சத எடுத்துக்கங்க. இது அடம் புடிக்கும், ரெண்டு கை வேணும்.” நான் அவரிடம், “ஏன் மூவனாரே, உம்ம ஊர்க் காவலருக்கு ஒரு கைதானா?” என்றேன். சாலையில் இருந்த அனைவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மலிவானது, போதுமானது என்று ஏட்டில் எழுதி முத்திரையிட்டேன்.

மலிவானது என்பது மெய். ஆனால் அரைப் பணத்துக்காக நான் குமிழை மறுக்கவில்லை. கருவூலம் இடம் தந்திருந்தது. அப்படியானால் ஏன் மறுத்தேன் என்று இன்று காலை முதல் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கிடைத்த விடையை மன்றத்தில் படிக்கக் கேட்பது எனக்கு எளிதன்று. எனினும் எழுதுகிறேன்.

மறைந்த என் கணவர் காவற்படையில் இருந்தவர். துறையில் நல்லவர் என்று பெயரெடுத்தவர். வீட்டில் சினம் வந்தால் அவருடைய வலக்கை இடுப்புக் கத்தியை நோக்கிப் போகும். ஒருநாளும் உருவியதில்லை. ஆனால் அந்தக் கை போய்ச் சேரும் நேரத்தை நான் பதினான்கு ஆண்டுகள் அளந்திருக்கிறேன். அது இன்னும் சற்று நீளாதா என்று ஏங்கியிருக்கிறேன். குமிழ்க் கத்தி என் மேசைமேல் ஒரு விரலசைவில் திறந்தபோது, என் தோள் தானாகப் பின்வாங்கியது. அதை மூவனார் பார்த்தார். திறக்கத் தாமதமாகும் கத்தியைத் தேர்ந்தேன். முந்நூறு பேரின் சினத்துக்கு ஒரு தடை வைத்ததாக எண்ணி நிறைவடைந்தேன். என் வீட்டில் நான் விரும்பிய தாமதத்தை நாட்டுக்கே வாங்கிக் கொடுத்தேன். அந்தத் தாமதம் நீரில் கிடந்த ஒருத்திக்கும் அவளைக் காக்க வந்த கத்திக்கும் நடுவே வந்து நின்றது. வேட்டன் என் கணவரல்லன். அவனை நான் பார்த்ததுகூட இல்லை. பார்க்காமலே அஞ்சினேன்.

ஆகவே, தாங்கள் கேட்ட வரியை எழுத மறுக்கிறேன். பணிக்குப் பொருந்தாத படைக்கலம் வழங்கிய கண்காணி பதவியும் இல்லமும் இழக்க வேண்டும் என்ற விதியை நான் அறிவேன். அறிந்தே எழுதுகிறேன். முந்நூறு கத்திகளையும் திரும்பப் பெற ஆணை போய்விட்டது. குமிழ்க் கத்திகளை மூவனார் இன்றே அடிக்கத் தொடங்குகிறார். இனி எந்தக் கத்தியையும் இடக்கையில் கோலேந்திய காவலர் பத்துப் பேர் திறந்து பார்த்து ஒப்பிய பின்னரே வாங்க வேண்டும் என எனக்குப் பின் வருபவருக்கு ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

என் சொல்லைத் தாங்கள் நம்ப வேண்டியதில்லை. தண்டனையை நிறுத்தும் அதிகாரம் எனக்கில்லை. ஆனால் படைக்கலம் பற்றிய ஐயத்தில் சோதனைக்கு ஆணையிடும் அதிகாரம் இம்முத்திரை என்னிடம் உள்ளவரை எனக்குண்டு. அதைக்கொண்டு ஆணையிடுவது:

நாளை மறுநாள் உச்சிப்பொழுதில், தண்டனை படிக்கப்படுவதற்கு முன், காவல் தலைவர் கடம்பனார் மன்றத்தின் நடுவே தாமே நின்று, காவற்கோலை இடக்கையில் ஏந்துக. இவ்வோலையுடன் திரும்பி வரும் இதே கத்தியை வலக்கையில் கொள்க. கையும் கத்தியும் ஆற்றுநீரில் நனைக்கப்படுக. கொன்றை எதிரில் நிற்க. கோல் அசையாமல், பல் படாமல், தங்கள் வலக்கட்டைவிரல் ஒன்றே அந்த அலகைத் திறந்துவிடுமானால், கத்தி பழுதற்றது என்று அங்கேயே எழுதிக்கொள்க, நான் மறுக்கேன். திறக்காவிடில், வேட்டனைக் கட்டிய கயிற்றை அந்த நாழிகையிலேயே அவிழ்த்து, என்னை அழைத்துவர ஆள் அனுப்புக.

மூன்று காயல்களும் சாட்சியாக, நானே கைப்பட எழுதி, படைக்கலச் சாலையின் முத்திரை வைத்தேன். இங்ஙனம் நிறைமதி நங்கை. ஆள் வரும்வரை வீட்டு வாயிலைத் தாழிடாமல் வைத்திருப்பேன்.